துளிர் வந்தால் வேர் வந்ததாக அர்த்தமில்லை: ஒரு பன்னீர் ரோஜாவைக் குச்சி வைத்துக் காப்பாற்றிய பதிவு

அம்மா வைத்த பன்னீர் ரோஜா அது. பதினெட்டு வருஷத்துச் செடி. அடித்தண்டு என் கட்டைவிரலைவிடப் பருமன். அது நின்ற இடத்தில் சுற்றுச்சுவரை இடித்து வேறு கட்டப்போகிறார்கள் என்று முடிவானதும், முதலில் செடியையே வேரோடு பெயர்த்து வைத்துவிடலாமா என்று யோசித்தோம். தோண்டிப் பார்த்தால் பெரிய வேர்கள் எல்லாம் அஸ்திவாரத்துக்கு அடியில் நுழைந்து கிடந்தன. பெயர்த்தால் பிழைக்காது. கையில் இருந்தது ஏறக்குறைய மூன்று மாதம். அதற்குள் குச்சியிலிருந்து புதுச் செடி உண்டாக்க வேண்டும்.

குச்சி நட்டு ரோஜா வளர்ப்பது புதிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் பத்து பேர் முயன்றால் ஏழு பேருக்கு வருவதில்லை. வராதவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "துளிர் எல்லாம் நல்லா வந்துச்சு, அப்புறம் திடீர்னு கருகிடுச்சு." எனக்கும் முதல் தடவை அதுதான் நடந்தது. ஏன் நடந்தது என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் இரண்டாவது தடவை செடி கிடைத்தது. அதனால் தோற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் தடவை பன்னிரண்டு குச்சி. நல்ல கோடை. செடியில் கைக்கு வாகாக எட்டியதை எல்லாம் வெட்டினேன். இளசு, முற்றல் என்று பார்க்கவில்லை. இலையை முழுக்க உருவிவிட்டு, தோட்ட மண்ணும் மண்புழு உரமும் கலந்த தொட்டியில் வரிசையாகச் செருகினேன். தினமும் காலையில் தண்ணீர். ஒன்பதாம் நாள் கணுக்களில் சிவப்பாக மொட்டு புடைத்தது. "இங்க வந்து பாரு, துளிர் விட்டிருக்கு!" என்று அம்மா கூப்பிட்டுக் காட்டினார். பதினைந்தாம் நாள் சின்னச் சின்ன இலை விரிந்து, பார்க்கவே அவ்வளவு அழகு. இருபதாம் நாள் ஒரு மத்தியானத்தில் இரண்டு குச்சியின் துளிர் தொங்கியது. இருபத்து நாலாம் நாள் பன்னிரண்டும் போய்விட்டன.

ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றில்கூட வேர் இல்லை. ஏழு குச்சியின் அடி கறுத்து, விரலால் அழுத்தினால் பட்டை வழுக்கிக்கொண்டு கழன்றது, அழுகல் வாடை. மீதி ஐந்தும் மேலிருந்து காய்ந்து, உடைத்தால் சுள்ளியாக ஒடிந்தன. ஒரே தொட்டியில் பாதி தண்ணீர் அதிகமாகிச் செத்திருக்கிறது, பாதி தாகத்தில் செத்திருக்கிறது. இது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. ஒரே தண்ணீர்தானே ஊற்றினேன்?

குழப்பம் தீர்ந்தது இப்படித்தான். குச்சிக்குள் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. கணுவில் உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டு, அந்தச் சேமிப்பை எடுத்துக்கொண்டு விரிகிறது. அதற்கு வேர் தேவையே இல்லை. பூச்சாடியில் வைத்த கிளைகூடத் துளிர்ப்பது இதனால்தான். துளிர் விரிந்து இலையானதும், அந்த இலை தண்ணீரை ஆவியாக வெளியே விடத் தொடங்கும். கீழே வேர் இல்லாததால் வெட்டுவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தண்ணீர் ஏறும். போகிற தண்ணீர், ஏறுகிற தண்ணீரை மிஞ்சிய நாளில் துளிர் தொங்கும். அதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். மண்ணுக்குள் காற்று அற்றுப்போய் அடி அழுகும். அழுகிய அடியில் தண்ணீர் சுத்தமாக ஏறாது. மேலே தாகம், கீழே அழுகல், இரண்டும் ஒரே குச்சியில்.

ஆக, வேர் வரும் வரைக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: இலை வழியாகத் தண்ணீர் போவதைக் குறைப்பது. மண்ணில் தண்ணீரைக் கூட்டிப் பயன் இல்லை, காற்றில் ஈரத்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவது தடவை செய்த ஏற்பாடு எல்லாமே இந்த ஒரு கணக்கின்மேல்தான்.

முதலில் குச்சித் தேர்வு. பூ பூத்து உதிர்ந்து ஒரு வாரம், பத்து நாள் ஆன கிளை ரோஜாவுக்கு மிகச் சரியான பக்குவம். மேல் நுனி இளசாக வளையும். அது வேண்டாம், சீக்கிரம் வாடும். அடித்தண்டு சாம்பல் நிறமாகி மரமாக இருக்கும். அதுவும் வேண்டாம், வேர் விட நாளாகும். நடுவில், பச்சையாகவும் வளைத்தால் எதிர்த்து நிற்பதாகவும் இருக்கிற பகுதி. முள்ளை வைத்தே சோதித்துவிடலாம். ஒரு முள்ளைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். 'டக்'கென்று சுத்தமாக ஒடிந்து, அடியில் ஈரமான பச்சை வட்டம் தெரிந்தால் பக்குவம் சரி. முள் வளைந்து பட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தால் இன்னும் இளசு. ஒடியவே மறுத்தால் முற்றிவிட்டது. ரோஜா வளர்க்கிற பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது இது. ஒரு தடவைகூட என்னை ஏமாற்றியதில்லை.

வெட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் தாய்ச்செடிக்குத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் விடிந்ததும் வெட்டினேன். அந்த நேரத்தில்தான் இலையிலும் தண்டிலும் தண்ணீர் நிறைந்திருக்கும். வெயில் ஏறி வெட்டிய குச்சி, தொடங்கும்போதே கடனோடு தொடங்குகிறது. வெட்டியதும் ஈரத்துணியில் சுற்றி நிழலுக்குக் கொண்டுவந்தேன். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், நாலு கணு. மொத்தம் இருபது.

கவாத்துக் கத்தரி கிளையை வெட்டத்தான் சரி. கடைசி வெட்டுக்குப் புது பிளேடு வேண்டும். கத்தரி இரண்டு பக்கமும் அழுத்துவதால் நசுங்கிய திசு மிஞ்சும். அழுகல் தொடங்குவது அந்த நசுங்கலில்தான். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, கணுவுக்கு நாலைந்து மில்லிமீட்டர் கீழே ஒரே இழுப்பில் வெட்டினேன். கணுவை ஒட்டி வெட்டுவதற்குக் காரணம் உண்டு: அந்த இடத்தில் சத்தும் வளர்ச்சி ஹார்மோனும் கூடுதலாகத் தங்கும், வேரும் அங்கிருந்து எளிதாகக் கிளம்பும். அடி வெட்டு சாய்வாக, மேல் வெட்டு நேராக. சாய்வாக வெட்டுவதில் வெட்டுப்பரப்பு கொஞ்சம் கூடும். அதைவிட முக்கியம், எது தலை எது கால் என்று குழம்பாமல் இருக்கலாம். தலைகீழாக நட்ட குச்சி வேர் விடாது என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். தண்டுக்குள் ஆக்சின் என்கிற ஹார்மோன் நுனியிலிருந்து அடி நோக்கி ஒரே திசையில்தான் இறங்கும். நாம் திருப்பி நட்டாலும் அது தன் பழைய 'அடி'யைத்தான் அடி என்று நினைக்கும்.

அடுத்து காயம். குச்சியின் அடியில் எதிரெதிர் இரண்டு பக்கமும், ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டையை மெல்லிய சீவலாக எடுத்தேன். பென்சில் சீவுவதுபோல் ஆழமாகப் போகக்கூடாது. வெளிப்பச்சை போய், அதற்குள் வழுவழுப்பான வெளிர்பச்சை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கேம்பியம் என்கிற அந்த மெல்லிய அடுக்கை ஒட்டித்தான் வேர்க்குருத்து பிறக்கிறது. வெள்ளைக் கட்டை தெரிந்துவிட்டால் ஆழமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். என் முதல் மூன்று குச்சியில் அப்படித்தான் ஆனது. அவற்றை அரை அங்குலம் மேலே ஏற்றி மறுபடி வெட்டிச் சரிசெய்தேன்.

இலையை முழுக்க உருவாதீர்கள். இது நான் முதல் தடவை செய்த பெரிய தவறு. இலை தண்ணீரைச் செலவழிக்கிறது என்பது உண்மை. வேர் உண்டாக்கத் தேவையான சர்க்கரையையும் ஹார்மோனையும் தருவதும் அதே இலைதான். அதனால் மேலே இரண்டு இலையை விட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து சிற்றிலையில் நுனி மூன்றை வெட்டி, அடி இரண்டை மட்டும் வைத்தேன். பூ மொட்டு இருந்தால் தயவு பார்க்காமல் கிள்ளிவிட வேண்டும்.

இப்போது வேர் ஊக்கி. அதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1928இல் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற டச்சு விஞ்ஞானி ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி, அகர் என்கிற கடற்பாசி ஜெல்லித் துண்டின்மேல் வைத்து, பிறகு அந்த அகரை நுனி இல்லாத முளையின் ஒரு ஓரத்தில் வைத்தபோது முளை வளைந்து வளர்ந்ததைக் காட்டினார். நுனியிலிருந்து ஏதோ ஒரு பொருள் இறங்குகிறது என்பது அப்படி உறுதியானது. அதுதான் ஆக்சின். 1935இல் போய்ஸ் தாம்ப்ஸன் ஆய்வு நிலையத்தில் சிம்மர்மனும் வில்காக்ஸனும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் தண்டில் வேரைத் தூண்டும் என்று காட்டினார்கள். ஐ.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். செடியில் இயற்கையாக இருக்கிற ஆக்சினான ஐ.ஏ.ஏ. (இண்டோல் அசிட்டிக் அமிலம்) வெளிச்சத்திலும் செடியின் நொதிகளாலும் சீக்கிரம் சிதைந்துவிடும், ஐ.பி.ஏ. நின்று வேலை செய்யும். இன்றைக்கும் வேர் ஊக்கிப் பொடி என்று விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது இதுவே. இளந்தண்டுக்கு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு), நடுத்தரப் பக்குவத்துக்கு 3000, முற்றிய கட்டைக்கு 8000 என்பது பொதுவான அளவு. பொடியில் 0.1, 0.3, 0.8 சதவீதம் என்று போட்டிருந்தால் முறையே இவைதான். அதிகம் போட்டால் அதிகம் வேர் வரும் என்பது இல்லை. அளவு மீறினால் அடித்தண்டு கருகும்.

மஞ்சள் தூள், பட்டைத் தூள், தேன் எல்லாம் வேர் ஊக்கி என்று சுற்றிவருகின்றன. இவற்றுக்குக் கிருமியை ஓரளவு தடுக்கும் குணம் உண்டு. வேரைத் தூண்டும் ஆக்சினுக்கு இவை ஈடாகாது. இளநீரில் வளர்ச்சி ஹார்மோன்கள் இருப்பது உண்மை, திசு வளர்ப்பு ஆய்வில் அதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் தூக்கலாக இருப்பவற்றில் ஒன்று சைட்டோகைனின். அது துளிரைத் தூண்டும், வேரைத் தடுக்கும் பக்கம். சர்க்கரை வேறு இருப்பதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். உருளைக்கிழங்கில் குச்சியைக் குத்தி நடுவதைப் பலர் செய்து பார்த்திருப்பீர்கள். கிழங்கு மண்ணுக்குள் அழுகும், அல்லது அதுவே முளைத்து உருளைச்செடியாகும். ரோஜாவுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

கேட்டுக்கொண்டே இருப்பதைவிடப் பார்த்துவிடுவது மேல் என்று இருபது குச்சியை ஐந்து ஐந்தாகப் பிரித்தேன். முதல் ஐந்து ஒன்றும் தொடாமல் வெறுமனே. இரண்டாம் ஐந்து 3000 பி.பி.எம். பொடி. மூன்றாம் ஐந்து கற்றாழைச் சோற்றில் பதினைந்து நிமிடம் முக்கியது. நாலாம் ஐந்து மண்ணே இல்லாமல் கண்ணாடி டம்ளர் தண்ணீரில். ஐந்து குச்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, எனக்கு ஒரு திசை தெரிந்தால் போதும்.

பொடி போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். டப்பாவுக்குள் நேராகக் குச்சியை முக்காதீர்கள், ஈரம் பட்டு மொத்தமும் கெடும். தேவையானதை ஒரு காகிதத்தில் கொட்டிக்கொள்ளுங்கள். குச்சியின் அடியை அதில் ஒற்றியெடுத்து, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஏற்கெனவே வேறொரு குச்சியால் கலவையில் போட்டுவைத்த துளையில் இறக்குங்கள். துளை போடாமல் அழுத்திச் செருகினால் பொடி முழுக்க மேலேயே உரசிப்போய் நின்றுவிடும்.

நடுகிற கலவை: பாதி தென்னை நார்த்தூள், பாதி பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்த லேசான வெள்ளை மணி). தோட்ட மண்ணும் இல்லை, உரமும் இல்லை. வேர் இல்லாத குச்சிக்கு உரம் எதற்கு? உரத்தில் இருக்கும் நுண்ணுயிர்களும் உப்பும் வெட்டுவாய்க்கு எதிரி. நார்த்தூளிலும் உப்பு இருக்கும், அதனால் மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கொட்டினேன். முதல் தண்ணீர் தேயிலைச் சாறு நிறத்தில் வந்தது, மூன்றாவது வெளிறிவிட்டது. பெர்லைட் தூள் மூச்சில் ஏறும். தண்ணீர் தெளித்துவிட்டுக் கையாளுங்கள். ஈரம் எவ்வளவு என்பதற்கு ஒரே சோதனை: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

பாத்திரமாக எடுத்தது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கப். அடியில் சூடான ஊசியால் ஆறு துளை. ஒவ்வொரு கப்புக்கும் கறுப்புக் காகிதத்தில் ஓர் உறை செய்து மாட்டினேன். வேருக்கு இருட்டு வேண்டும், வெளிச்சம் பட்டால் பாசியும் பிடிக்கும். ஆனால் உறையை உருவினால் உள்ளே வேர் வந்திருக்கிறதா என்று குச்சியைத் தொடாமலேயே பார்த்துவிடலாம். இந்தப் பதிவிலிருந்து ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சி வைக்கிறவர்களின் பெரிய பலவீனம், வேர் வந்துவிட்டதா என்று இழுத்து இழுத்துப் பார்ப்பது. முளைக்கும் வேரின் நுனி நூலைவிட மென்மை, ஒரு இழுப்பில் போய்விடும்.

பதினைந்து கப்பையும் மூடியுள்ள பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, உள்பக்கம் தண்ணீர் தெளித்து மூடினேன். சன்னலுக்கு உள்பக்கம், நேர் வெயில் விழாத, ஆனால் நாள் முழுக்கப் புத்தகம் படிக்கிற அளவுக்கு வெளிச்சமுள்ள இடம். உள்ளே ஒரு சின்ன வெப்பமானி. 24இலிருந்து 27 டிகிரிக்குள் இருந்தது. தினமும் காலையில் ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து காற்று மாற்றினேன். கலவைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. முதல் மூன்று வாரத்தில் கப்புக்குள் நான் ஊற்றிய தண்ணீர் சுத்தமாகப் பூஜ்யம். பெட்டிச் சுவரில் பனித்துளி படிந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அதை மட்டும் பார்த்தேன்.

அதே நாள் தாய்ச்செடியிலேயே ஒரு காப்பீடும் செய்துவைத்தேன். தரையை ஒட்டிப் போன ஒரு கிளையின் அடிப்பக்கத்தில் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாதி ஆழம் கீறி, கீறல் மூடிக்கொள்ளாமல் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகி, வளைத்து மண்ணில் அமுக்கி, கம்பியால் கொக்கி போட்டு மேலே ஒரு கல்லை வைத்தேன். தரைப்பதியன். தாயோடு தொடர்பு அறுபடாததால் தண்ணீர்க் கணக்கே இதில் கிடையாது. ஒரே செடிதான் கிடைக்கும் என்றாலும் நிச்சயமானது. கைவிட முடியாத செடியாக இருந்தால் குச்சியோடு பதியனும் போட்டுவிடுங்கள்.

இனி நாள் கணக்கு. எட்டாம் நாள் எல்லாமே பச்சையாக நின்றன. பதினோராம் நாள் டம்ளர் தண்ணீர் கலங்கியிருந்தது, இரண்டு குச்சி அடி கொழகொழத்துவிட்டது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றியும் இப்படி. மீதி மூன்றையும் கழுவிப் புதுத் தண்ணீரில் வைத்தேன்.

பதினாறாம் நாள் ஒரு கஷ்டம். சன்னல் திரை விலகி இரண்டு மணி நேரம் காலை வெயில் பெட்டியின்மேல் நேராக விழுந்திருக்கிறது. நான் பார்க்கும்போது உள்ளே 41 டிகிரி. வெளியே 29தான். மூடிய பெட்டி வெயிலில் அடுப்பு மாதிரி. ஓரத்தில் இருந்த இரண்டு குச்சியின் இலை வெந்த கீரை நிறத்துக்குப் போய்விட்டது. ஒன்று வெறுங்குச்சி வகை, மற்றது கற்றாழை வகை. இரண்டும் அதன்பின் தேறவில்லை. அன்று இரவே வேறு மூலைக்கு மாற்றினேன்.

பத்தொன்பதாம் நாள், வெறுங்குச்சிகளில் ஒன்றை வேண்டுமென்றே எடுத்துப் பார்த்தேன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. சீவிய காயத்தின் விளிம்பு நெடுக, பொரி ஒட்டினாற்போல் வெள்ளையாக, சொரசொரப்பான மேடு. காலஸ் என்கிற காயத்திசு. இதை வேர் என்று நினைத்துப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. காலஸ் என்பது வெட்டு ஆறுகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். காலஸ் வந்து மாதக்கணக்கில் வேர் விடாமல் நிற்கிற குச்சியும் உண்டு. அந்தக் குச்சியைத் திரும்ப நட்டேன், பிழைக்கவில்லை. தெரிந்தே கொடுத்த விலை.

இந்த வாரத்தில்தான் துளிரும் வந்தது. இரண்டாம் தடவையும் அம்மாவுக்கு அதே சந்தோஷம். "வேர் பாத்தியா?" என்று இந்த முறை அவரே கேட்டார். உறையை உருவிக் காட்டினேன். பழுப்புக் கலவையும் வெள்ளைப் பெர்லைட் மணிகளும்தான் தெரிந்தன. "இன்னும் இல்லம்மா." துளிர் நிறைய வந்த நாலைந்து குச்சியில் ஒரு துளிரை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டேன். சேமிப்பு மேலே போய்க் கரைவதைவிடக் கீழே போகட்டும் என்று.

இருபத்து மூன்றாம் நாள், பொடி போட்ட வகையில் மூன்றாவது கப். உறையை உருவியதும் கப்பின் சுவரை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. நார் என்றுதான் முதலில் நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் நுனி மட்டும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, அதற்குப் பின்னால் பால் வெள்ளை. ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். ஒரு பெர்லைட் மணியில் முட்டி, அதைச் சுற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அதன்பின் வாரம் முழுக்க மற்ற கப்புகளிலும் கோடுகள். முப்பத்தெட்டாம் நாள் கணக்கு எடுத்தேன். பொடி போட்டதில் ஐந்துக்கு நாலு, அதுவும் ஒவ்வொன்றிலும் சுற்றிலும் பல வேர். வெறுமனே வைத்ததில் ஐந்துக்கு இரண்டு. கற்றாழையில் ஐந்துக்கு இரண்டு. இவற்றில் ஒரு பக்கம் மட்டும் ஒன்றிரண்டு வேர்தான். டம்ளர் தண்ணீரில் ஒன்றே ஒன்று. டம்ளரில் மீதி இரண்டும் காலஸோடு அப்படியே நின்றுவிட்டன. தண்ணீரில் வந்த வேர் தடியாகவும் நொறுங்கக்கூடியதாகவும் இருந்தது. கலவைக்கு மாற்றிய ஐந்தாம் நாள் அந்தக் குச்சியும் வாடிப்போனது. வேர் ஊக்கி கட்டாயம் வேண்டுமா என்றால், பன்னீர் ரோஜா மாதிரி எளிதில் வேர் விடும் வகைக்கு இல்லாமலும் வரும். ஆனால் கையில் நேரமும் குச்சியும் அளவாக இருக்கும்போது நான் பொடியைத்தான் நம்புவேன்.

வேர் தெரிந்ததும் மூடியைத் தூக்கி எறிந்துவிடக்கூடாது. மூடிக்குள் விரிந்த இலையின்மேல் மெழுகுப் பூச்சு மெல்லியது, வெளிக்காற்றைத் தாங்காது. பழக்க வேண்டும். முதல் இரண்டு நாள் கால் மணி நேரம் திறந்தேன். பிறகு ஒரு மணி, மூன்று மணி, பகல் முழுக்க, இரவிலும். பத்து நாள் எடுத்துக்கொண்டேன். அப்படியும் நாலாம் நாள் கொஞ்சம் அவசரப்பட்டு மத்தியானக் காற்றில் விட்டதில் இரண்டு போயின. பொடி வகையில் ஒன்று, கற்றாழை வகையில் ஒன்று. வேர் வந்த பிறகு இழப்பதுதான் மனசுக்கு மிகவும் வருத்தம். கப்புகளில் வேர் விட்ட எட்டு ஆறானது.

தொட்டிக்கு மாற்றியது, கப்பின் சுவரில் முதல் வேரிலிருந்து பக்க வேர்கள் கிளைத்து மீன்முள்போல் தெரிந்த பிறகு. ஒற்றை வேராக இருக்கும்போது மாற்றினால் கலவை உதிர்ந்து வேர் அறும். கப்பைக் கத்தரியால் இரண்டு பக்கமும் கிழித்து, உருண்டை குலையாமல் அப்படியே இறக்கினேன். செம்மண், மணல், மக்கிய உரம் சம பங்கு. உரம் இங்கேதான் முதல் தடவையாக வருகிறது. ஒரு வாரம் நிழல், பிறகு காலை வெயில் மட்டும்.

பதியனை அறுபத்திரண்டாம் நாள் பார்த்தேன். கல்லை எடுத்து மண்ணை விரலால் விலக்கினால், கீறிய இடத்திலிருந்து கொத்தாக வேர், குச்சிகளில் வந்ததைவிட இரண்டு மடங்கு பருமன். ஒரே நாளில் அறுக்கவில்லை. தாய்ப்பக்கம் முதலில் பாதி ஆழம் வெட்டி, ஆறு நாள் கழித்து மீதியை வெட்டினேன். அது ஒரு இலைகூட வாடாமல் தொட்டிக்குப் போனது. ஏழாவது செடி.

அடுத்த வாரம் சுவர் வேலை தொடங்கியது. தாய்ச்செடியின் கடைசிப் பூவை அம்மா பறித்து வைத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது நாலு மாதம் முடிந்திருக்கிறது. ஏழில் மூன்று மொட்டு வைத்தன. முதல் மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிட்டேன், செடி இன்னும் முழங்கால் உயரம்கூட இல்லை, வேரும் தண்டும் முதலில் கட்டட்டும் என்று. பதியன் செடியில் வந்ததை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார் அம்மா. நேற்று காலை அது விரிந்தது. சின்னப் பூதான், இதழும் குறைவு. மணம் அதே மணம்.